அகழி விரால், ஏரி விரால்

ரெண்டாவது ரிவ்யூவுக்கு நாலு நாள் இருந்தபோது எங்க ப்ராஜெக்ட்டை ஊருக்குக் கொண்டு போனேன். கொண்டு போனேன் என்றால் பெட்டி படுக்கை எல்லாம் இல்லை. போனில் ஒரு ஆப், அவ்வளவுதான். மீனைப் படம் எடுத்துக் கொடுத்தால் அது என்ன மீன் என்று சொல்லும். விரால், குறவை, ஜிலேபி, கெளுத்தி, கட்லா என்று ஐந்து வகை. லேபில் சோதித்தபோது பத்துப் படத்துக்கு ஒன்பதைச் சரியாகச் சொன்னது. கைடு மேடமே "பரவாயில்லையே" என்றார். மேடம் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்க டிபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் ஆளுக்கு ரெண்டு பப்ஸ் வாங்கித் தின்று கொண்டாடினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அப்பாவோட அன்னக்கூடை முன்னால் போய் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு வாரநாளில் வயல் வேலை, ஞாயிறானால் ரோட்டோரம் மீன். அன்றைக்கு ஏழெட்டு விரால் கூடையில் நெளிந்துகொண்டிருந்தன. பெருமையாகப் படம் எடுத்தேன். ஆப் கொஞ்சம் யோசித்துவிட்டு "குறவை" என்றது. கோணத்தை மாற்றி எடுத்தேன். "குறவை." வேறொரு மீனைக் காட்டினேன். "ஜிலேபி."

அப்பா எட்டிப் பார்த்தார். போனைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்ன மாதிரியேதான் சொல்லுது பாப்பா" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே புளியமரத்தடியில், இதே மாதிரி ஒரு அன்னக்கூடை முன்னால் உட்கார்ந்து, இதே தப்பை நான் செய்திருக்கிறேன். ஆப் செய்த தப்பால் எங்க மூணு பேருக்கு மார்க் போகும். நான் செய்த தப்பால் போனது அப்பாவோட பேர்.

* * *

எங்க ஊர் ரஞ்சன்குடி. பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் எங்க ஊரைப் பார்த்திருப்பீர்கள், பார்த்தோம் என்று தெரியாமலே. நாலுவழிச் சாலையை ஒட்டி மேட்டில் ஒரு கல் கோட்டை தெரியுமே, அதுதான். பதினேழாம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபுக்குக் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் கட்டியது. 1751-ல் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் இன்னொரு பக்கமும் நின்று அடித்துக்கொண்ட வாலிகொண்டா போர் நடந்த இடம் இதுதான். இப்போது தொல்லியல் துறையின் நீலப் பலகையும், காலேஜ் கட்டடித்துவிட்டு வரும் ஜோடிகளும்தான் அங்கே காவல்.

சின்ன வயதில் எனக்குப் பிடித்தது கோட்டை கிடையாது, அகழிதான். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். சுற்றிக் கருங்கல், ஓரமெல்லாம் பாசி. தண்ணீர் அசையாமல் தெளிந்து கிடக்கும். கரையில் குந்திக்கொண்டு குனிந்து பார்த்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துப் பார்த்தால், கல் என்று நினைத்தது ஒன்று மெதுவாக நகரும். விரால்! கன்னங்கரேல் என்று இருக்கும். மேலே வந்து "க்ளக்" என்று ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு மறுபடி கல்லாகிவிடும். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன், மேலே வராமல் அதனால் இருக்க முடியாது.

நான் பார்த்து வளர்ந்த விரால் அதுதான். என் மனசில் விரால் என்றால் கறுப்பு. மெஷின் லேர்னிங் பாஷையில் சொன்னால் என்னோட டிரெய்னிங் டேட்டா மொத்தமும் ஒரே அகழி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா இன்னும் ரெண்டு பேரோடு சேர்ந்து பக்கத்து ஏரியின் மீன்பாசி குத்தகையில் ஒரு பங்கு எடுத்தார். அம்மாவோட தோடு அதற்காக அடகுக்குப் போனது எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்தக் கோடையில் ஏரி வற்றி, நடுவில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் மட்டும் மிச்சம். மாட்டுக் கால் பட்டுக் கலங்கி, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பக்கெட் தண்ணீர் மாதிரி இருந்தது. வலையைப் போட்டு இழுத்தார்கள். நல்ல விரால் கிடைத்தது.

அப்பா அன்னக்கூடையோடு ரோட்டோரம் உட்கார்ந்தார். சில்லறை எடுத்துக் கொடுக்கிற பெரிய பொறுப்பு எனக்கு. ஒரு கார் நின்றது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார், பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர்.

"ஏரி விராலா, வளர்ப்பா?"

"நம்ம ஏரிதாங்கய்யா. விடியக்காலைல புடிச்சது."

பெரியவர் கையை விட்டு ஒன்றைத் தூக்கினார். அது கறுப்பாக இல்லை. மண் நிறத்தில், வெளிறி, பக்கவாட்டுக் கோடுகள்கூட மங்கிப்போய் இருந்தது. அவர் முகத்தில் சந்தேகம் வருமுன்னே எனக்கு வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்:

"அப்பா, இது நம்ம விரால் இல்லப்பா. நம்ம விரால் கருப்பா இருக்கும்."

குழந்தை பொய் சொல்லாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பெரியவர் மீனைக் கூடையில் போட்டார், வேட்டியில் கையைத் துடைத்தார். "புள்ளையே சொல்லிடுச்சு" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். பக்கத்தில் பை நீட்டிக்கொண்டு நின்ற உள்ளூர்க்காரர்களும் நகர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு, வெளியூர்லேர்ந்து வளர்ப்பு விரால வாங்கியாந்து ஏரி மீனுன்னு கலந்து விக்கிறாங்க என்று. அன்றைக்கு மிஞ்சிய மீனை ஒரு வியாபாரி பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அடுத்த ஏலத்தில் பங்காளிகள் ரெண்டு பேரும் அப்பாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

இப்போது இதை எழுதுகிறபோது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் திட்டாததை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். நான் சொன்னது உண்மையாக இருந்ததால்தான் அவர் திட்டவில்லை என்று நினைத்தேன். அப்பா ஒருநாள் ஏமாற்றினார், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று. யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எட்டாவது படிக்கும்போதும், பிளஸ் டூவிலும், இங்கே ஹாஸ்டலுக்கு வந்த பிறகும், அந்த நினைப்பு பாக்கெட்டில் கிடக்கிற செல்லாக் காசு மாதிரி கூடவே இருந்தது.

* * *

ஊரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக, எங்க மாடல் படத்தில் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று பார்த்தோம். அதற்கு வழிகள் இருக்கின்றன. முடிவுக்குக் காரணமான இடத்தை மட்டும் படத்தின் மேல் சிவப்பாகக் காட்டும். விரால் படத்தைக் கொடுத்தோம். மீன் மேல் சிவப்பே இல்லை! சிவப்பு முழுக்க மீனைச் சுற்றியிருந்த டப்பில்.

அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் படம் எடுத்த மார்க்கெட்டில் விராலை உயிரோடு கறுப்பு டப்பில் வைத்து விற்பார்கள். குறவையும் ஜிலேபியும் வெள்ளைத் தட்டில் கிடக்கும். எங்க மாடல் மீனைப் பார்க்கவே இல்லை, பாத்திரத்தைப் பார்த்தே பாஸாகியிருக்கிறது. அப்பாவோட அலுமினிய அன்னக்கூடை பளபள என்று வெள்ளையாக இருந்ததால் விரால் குறவையாகிவிட்டது.

இந்தக் கூத்தில் நாங்கள் முதல் ஆள் இல்லை. 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டுவதற்காகவே ஒரு மாடலை வேண்டுமென்றே மோசமாகப் பழக்கினார்கள். ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரித்துச் சொல்லும் மாடல். கொடுத்த ஓநாய்ப் படங்களில் எல்லாம் பின்னால் பனி. மாடல் கற்றுக்கொண்டது ஓநாயை இல்லை, பனியை. பனியில் நிற்கிற நாயைக் காட்டினால் ஓநாய் என்றது.

சரி, பின்னணியை வெட்டி எறிந்துவிடலாம் என்று மீனை மட்டும் கத்தரித்து மறுபடி பழக்கினோம். கொஞ்சம் தேறியது. ஆனால் அப்பா கூடையில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இப்போதும் தப்பு. இந்தத் தடவை சிவப்பு மீன் மேல்தான் இருந்தது, முதுகு மேல். மாடல் முதுகின் நிறத்தைப் பார்க்கிறது. மார்க்கெட் டப்பில் இருந்த விரால் கறுப்பு. அப்பா கூடையில் இருந்தது வெளிறல். பாத்திரத்தை நீக்கினாலும் பாத்திரத்தின் நிறம் மீனோட தோலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அது எப்படி? இந்த ஒரு கேள்விக்காக ஒரு வாரம் லைப்ரரியில் கிடந்தேன். மெக்கானிக்ஸ் அரியருக்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

* * *

மீனோட தோலில் நட்சத்திர வடிவில் சில செல்கள் இருக்கின்றன. மெலனோஃபோர் என்று பெயர். ஒவ்வொன்றின் உள்ளேயும் கறுப்புத் துகள்கள். ஒரு தட்டில் ஒரு கைப்பிடி எள்ளை நடுவில் குவித்து வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தட்டு வெள்ளைதான். அதே எள்ளைத் தட்டு முழுக்கப் பரப்புங்கள், தட்டு கறுத்துவிடும். எள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீன் செய்வது இதைத்தான். செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்ப் பாதைகளில் மோட்டார் புரதங்கள் அந்தத் துகள்களைச் சுமந்து ஓரத்துக்குக் கொண்டு போனால் மீன் கறுக்கும், நடுவுக்கு இழுத்துவந்தால் வெளுக்கும். நரம்பும் ஹார்மோனும் சேர்ந்து இதற்கு ஆணையிடும். சில நிமிஷம், சில மணி நேரத்தில் நடப்பது இது.

மீன் அதே இடத்தில் வாரக்கணக்கில் இருந்துவிட்டால் இன்னொன்றும் நடக்கும். செல்களின் எண்ணிக்கையே மாறும். கறுப்பு இடத்தில் இருக்கும் மீனுக்குக் கறுப்புச் செல்கள் கூடும், வெளுத்த இடத்தில் குறையும். அதாவது தட்டில் எள்ளே கூடுகிறது, குறைகிறது.

தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று மீனுக்கு எப்படித் தெரிகிறது? கண்தான் சொல்கிறது. மேலேயிருந்து வருகிற வெளிச்சம் எவ்வளவு, கீழே தரையில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் எவ்வளவு என்று மூளை ஒப்பிடுகிறது. அகழியில் கீழே கருங்கல்லும் பாசியும். போன வெளிச்சம் திரும்பி வராது. அதனால் மீன் கறுக்கிறது. கலங்கிய ஏரியில் களிமண் துகள்கள் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும், சுற்றிலும் பால் மாதிரி ஒரே வெளிறல். அதனால் மீன் வெளுக்கிறது.

தேனீக்களின் நடனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்து 1973-ல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வான் ஃப்ரிஷ், தேனீக்கு வருவதற்கு முன்னால் மீனோட நிறத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மின்னோ என்ற சின்ன மீனுக்குக் கண் தெரியாமல் போனால்கூட, அதன் தலை மேல் விழும் வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் மாறுவதை அவர் 1911-லேயே எழுதியிருக்கிறார். தலைக்குள் வெளிச்சத்தை உணர்கிற இன்னொரு இடமும் இருக்கிறது!

இந்த மாற்றத்தால் மீனுக்கு என்ன லாபம்? 1930-களில் கலிஃபோர்னியாவில் ஃபிரான்சிஸ் சம்னர் என்பவர் கம்பூசியா மீன்களை வைத்து இதைச் சோதித்தார். நம்ம ஊரில் கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் விடுவார்களே, அதே மீன். கொஞ்சத்தைக் கறுப்புத் தொட்டியிலும் கொஞ்சத்தை வெள்ளைத் தொட்டியிலும் வாரக்கணக்கில் வைத்திருந்தார். பிறகு ரெண்டையும் கலந்து ஒரே தொட்டியில் விட்டு, பென்குவினைத் தின்ன விட்டார். தொட்டியின் நிறத்தோடு ஒத்துப்போகாத மீன்கள்தான் அதிகமாகக் காலியாயின. ரஞ்சன்குடி அகழிக்குப் பென்குவின் வராது. கொக்கும் நாரையும் வரும். வெளுத்த விரால் ஒன்று கருங்கல் அகழியில் கிடந்தால் கொக்குக்கு அன்றைக்குக் கல்யாண விருந்துதான். விராலும் சும்மா இல்லை, அதுவும் மறைந்திருந்து பாய்கிற மீன். அதற்கு இரையோட கண்ணிலும் படாமல் இருக்கணும்.

தேடிக்கொண்டிருந்தபோது அமெரிக்க ஓடைகளில் இருக்கும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் கண்ணில் பட்டது. தூண்டில்காரர்களுக்கு அது நமக்கு விரால் மாதிரி. வெண்கல முதுகு என்றே அதற்குச் செல்லப்பெயர். ஆனால் எல்லா ஓடையிலும் வெண்கலமாக இருக்காது. தெளிந்த தண்ணீரில் பாறையும் செடியும் உள்ள இடத்தில் கரும்பழுப்பாக, உடம்பில் செங்குத்துப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். கலங்கிய ஆற்றில் அதே மீன் வெளிறி, பட்டை இருந்த இடம் தெரியாமல் இருக்கும். ஒரே மீனிலேயே பட்டைகள் தோன்றி மறையும். குஞ்சாக இருக்கும்போது வாலில் ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை என்று மூணு நிறம் இருக்கும், வளர்ந்தால் அதுவும் போய்விடும்.

அந்த மீனுக்குப் பேர் வந்த கதைதான் என்னை உட்கார வைத்தது. 1802-ல் பிரான்ஸில் லாசெபெத் என்ற விலங்கியலாளர் கைக்கு ஒரு மீன் வந்து சேர்ந்தது. அதன் முதுகுத் துடுப்பின் பின்பகுதி சிதைந்து, தனியாக ஒரு குட்டித் துடுப்பு மாதிரி நின்றது. அடிபட்ட துடுப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த மீனுக்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து மைக்ரோப்டெரஸ், அதாவது சின்னத் துடுப்பு, என்று பேர் வைத்துவிட்டார். இன்று வரைக்கும் அதுதான் பேர். கோடிக்கணக்கான மீன்கள் முழுத் துடுப்போடு நீந்துகின்றன, ஒரே ஒரு மீனோட காயத்தைப் பேராகச் சுமந்துகொண்டு.

ஒரு மீனைப் பார்த்து மொத்த இனத்துக்கும் பேர் வைத்தவர் அவர். ஒரு அகழியைப் பார்த்து எல்லா விராலுக்கும் நிறம் வைத்தவள் நான்.

* * *

புத்தகத்தில் படித்ததை நம்பலாம். ஆனால் இது எங்க வீட்டு விஷயம், கண்ணால் பார்க்கணும் என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் சின்ன விராலாக நாலு கேட்டேன். ஒரே ஏரி, ஒரே வலை, ஒரே அளவு. ரெண்டை வெள்ளை பெயின்ட் பக்கெட்டிலும், ரெண்டை மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற கறுப்பு ரப்பர் தொட்டியிலும் விட்டேன். விரால் துள்ளி வெளியே போய்விடும் என்பதால் மேலே வலையைக் கட்டினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "நாலு லட்சம் கட்டிப் படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் காலையில் யாரிடம் காட்டினாலும் ரெண்டும் வேறு வேறு மீன் என்று சத்தியம் செய்வார்கள். பக்கெட்டில் இருந்தவை வெளிறி மண் நிறம். தொட்டியில் இருந்தவை கரி. இடம் மாற்றி விட்டேன். மத்தியானத்துக்குள் கரி வெளுக்கத் தொடங்கியது, மண் கறுக்கத் தொடங்கியது.

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் அந்தப் பெரியவர் கையில் தூக்கிப் பார்த்தது எங்க ஏரி விரால்தான். அப்பா சொன்னது உண்மை. பதினோரு வருஷமாக நான் மனசுக்குள் வைத்திருந்த தீர்ப்பு பொய்.

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, சேத்துத் தண்ணில கெடந்தா வெளுத்துரும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாம என்ன? மீன் புடிக்கிற எல்லாத்துக்கும் தெரியும். தண்ணி எப்டியோ மீனு அப்டி. குஞ்சா இருக்கையில செக்கச்செவேல்னு இருக்கும், அத யாராச்சும் வெரால்னு சொல்லுவாங்களா? நீயே பாத்திருக்கியே."

பார்த்திருக்கிறேன். குங்குமத்தைக் கரைத்துவிட்ட மாதிரி தண்ணீர் மேல் ஒரு சிவப்புக் கூட்டம் நகரும். அத்தனையும் விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவலாகச் சுற்றும். அதுவும் விரால் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். ஆனாலும் அந்தப் பெரியவர் முன்னால் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்ப அந்தக் கார்க்காரர்கிட்ட ஏம்ப்பா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார்.

"நான் உண்மைன்னு சொன்னா, எம் புள்ள பொய் சொல்லுதுன்னு ஆயிரும்ல பாப்பா. நாலு பேரு நிக்கிறாங்க. நீ நெஜம்னு நெனச்சித்தான சொன்ன? அத அத்தன பேரு முன்னால எப்டி இல்லங்கறது? மீனு போனா போவுது."

எனக்குப் பேச்சு வரவில்லை. தோடு போனது, பங்கு போனது, பேர் போனது. எல்லாவற்றையும் "மீனு போனா போவுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மன்னிச்சிருங்கப்பா என்று சொல்லணும் என்று வாய் வரைக்கும் வந்தது. எங்க வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கம் இல்லை. "இந்த நாலையும் திரும்ப ஏரில விட்டுரலாம்ப்பா" என்றேன். "சரி, வா" என்று வண்டியை எடுத்தார்.

* * *

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஜூனியர்களுக்கு உதவும்.

நிறத்தை நம்பாமல் அப்பா மீனை எப்படி அடையாளம் சொல்கிறார் என்று அன்றைக்குப் போகிற வழியிலேயே கேட்டேன். துடுப்பை விரிச்சுப் பாரு, செதிலைப் பாரு, தலையைப் பாரு என்றார். மீன் நூல்களும் அதையேதான் சொல்கின்றன. விராலோட முதுகுத் துடுப்பில் கதிர்கள் நாற்பதை ஒட்டி இருக்கும், குறவைக்கு முப்பதை ஒட்டித்தான். தலையிலிருந்து வால் வரை பக்கக்கோட்டில் விராலுக்கு ஐம்பதுக்கு மேல் செதில்கள், குறவைக்கு நாற்பதுக்குள். இந்தக் கணக்கு அகழியிலும் மாறாது, ஏரியிலும் மாறாது. 1793-ல் பிளாக் என்ற ஜெர்மானியர் விராலுக்கு அறிவியல் பேர் வைத்தபோது கோடு போட்டது என்ற அர்த்தத்தில் ஸ்ட்ரையேட்டா என்று வைத்தார். அந்தக் கோடே மங்குகிறதை நான் பார்த்துவிட்டேன். எண்ணிக்கைதான் நிற்கிறது.

அதனால் நாங்கள் டேட்டாவை மறுபடி முதலிலிருந்து சேர்த்தோம். அதே மீனை வெள்ளை, கறுப்பு, அலுமினியம், வாழை இலை என்று எல்லாவற்றிலும் வைத்து எடுத்தோம். துடுப்பை விரித்து ஒரு படம், செதில் தெரிகிற மாதிரி ஒரு படம், தலை ஒரு படம். வேறு வேறு ஏரி, வேறு வேறு தண்ணீர். பழக்கிய ஏரி மீனை வைத்தே சோதிக்காமல், மாடல் பார்த்தே இராத ஏரியின் மீனை வைத்துச் சோதித்தோம். மார்க் முன்பைவிடக் குறைவாகத்தான் காட்டியது. ஆனால் இது பார்த்து வாங்கிய மார்க். ரிவ்யூவில் மேடம் "ஏன் குறைஞ்சிடுச்சு?" என்று கேட்டார். பக்கெட் படத்தையும் தொட்டி படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ரெண்டும் என்ன மீன்?" என்று கேட்டார். "ஒரே மீன், மேடம்" என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு ஊரில் இருந்தேன். அப்பா டீ குடிக்கப் போயிருந்தார், கூடைக்கு நான் காவல். ஒரு அம்மா வண்டியை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, விரால்னா கருப்பால்ல இருக்கும்? இது வெளுத்துக் கெடக்கு. வளர்ப்பா?"

ஒன்றைத் தூக்கி, முதுகுத் துடுப்பை விரலால் விரித்துக் காட்டினேன்.

"ஏரி விரால்தாங்கக்கா. கலங்கல் தண்ணில கெடந்தது, அதான் இப்டி. இதையே நம்ம கோட்டை அகழில விட்டுப் பாருங்க, கருப்பாயிரும். எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க."

கடைசி வரியை அவர் கேட்கவே இல்லை. பதினோரு வருஷம் கழித்துத்தான் என் வாயிலிருந்து வந்தது. அந்த அம்மா ஒன்றரை கிலோ வாங்கிக்கொண்டு போனார். சில்லறையை நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.